வண்டி ஏன் ஆஃப் ஆகிறது?

1

இந்தக் கதை என் பால்கனியில் கிடைத்தது. அபிராமபுரத்தில் ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். நேர் கீழே கார் நிறுத்துமிடம். ஒரு நாள் காலை காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். கீழ்வீட்டு ஜானு மாமி காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே குனிந்திருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். எதையோ திருகினார். நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

மதியம் மாமி என் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்.

ஆகவே மர்மம் எதுவும் இல்லை. ராகவேந்திரன் மாமாவின் கார் சிக்னலுக்கு சிக்னல் ஆஃப் ஆனதற்குக் காரணம் அவருடைய மனைவி. கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் குறைத்து வைத்தது அவர்தான். மெக்கானிக் தௌஃபீக் எந்தத் தப்பும் செய்யவில்லை. (செய்தார். ஆனால் அவர் மீது சொல்லப்பட்ட தப்பை அல்ல. அது பின்னால் வரும்.)

கடைசிப் பக்கத்தில் வைக்க வேண்டியதை முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டேனே என்று நினைப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் நான் எழுதித் தூக்கிப்போட்ட ஆரம்பங்களைப் பாருங்கள்.

"கார்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால்—" (பொய். இந்தக் கதைக்காகவே கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும் வீடியோக்களை வாரக்கணக்கில் பார்த்தவள் நான்.)

"ஒரு இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி. ஒரு கல்யாணம் ஓடவும்—" (பட்டிமன்ற வாசனை அடித்தது. நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் கார்புரேட்டர் என்றால் கார்புரேட்டர். வேறு எதற்கும் அது நிற்கவில்லை.)

"ஜானு மாமி கெட்டவர் அல்ல." (இப்படி ஆரம்பித்தால் அவர் கெட்டவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.)

2

ராகவேந்திரன் மாமா மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது எதன் மேல் எப்படி மோதியது, யார் பக்கம் தப்பு என்று எழுதிக் கொடுப்பது வேலை. இன்றைக்கும் ஒரு பம்பரின் நசுங்கலைப் பார்த்தே ஓட்டியவன் பிரேக் போட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவார். சொந்தமாக எண்பதுகளில் வாங்கிய ஒரு கார் வைத்திருக்கிறார். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. அதன் மேல் ஒரு தவறும் இல்லை, இத்தனை வருடம் ஓடியதே பெரிது. அதைத் தானே துடைப்பார், தானே ஓட்டுவார். டிரைவர் வைத்த காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போவது அவரைப் பொறுத்தவரை ஆம்புலன்ஸில் போவது மாதிரி.

ஜானு மாமி பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவர். நிதானமானவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

மாமாவுக்குக் கண்ணில் க்ளாக்கோமா. நேரே உள்ளது தெரியும். ஓரங்கள் மெல்ல மெல்ல மறைந்துகொண்டு வருகின்றன. இடது பக்கம் அதிகம். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை, ராத்திரியில் ஓட்டக் கூடாது என்று மாமா மாற்றி வைத்துக்கொண்டார். மாமி திருத்தினார். மாமா மறுபடி மாற்றினார்.

பிறகு மந்தைவெளியில் ஒரு திருப்பம். சாயங்காலம், நல்ல வெளிச்சம். இடது பக்கம் ஸ்கூட்டரில் ஒரு பெண். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி அந்தப் பெண்ணின் கைப்பை வாரில் மாட்டி இழுக்க, ஸ்கூட்டரோடு விழுந்தாள். மாமி அலறினார். மாமா காரை நிறுத்தாமலே கேட்டாராம்:

"ஏன் கத்தறே?"

மாமி சொல்லி வண்டி நிற்பதற்குள் அந்தப் பெண் எழுந்துகொண்டாள். முழங்கை மட்டும் உரசியிருந்தது. திட்டிவிட்டுப் போய்விட்டாள். மாமிக்கு அந்தப் பெண்ணின் முகம்கூட மறந்துவிட்டது. மாமா கேட்ட அந்தக் கேள்விதான் போகவில்லை.

"அவர் பார்க்காம போனா பரவாயில்லைடி, செண்பகம். ஒரு மனுஷி விழுந்திருக்கா, அங்கே ஒண்ணுமே நடக்கலைன்னு நெனச்சிண்டு ஓட்டிண்டே போறார்" என்றார் என்னிடம்.

3

இப்போது தௌஃபீக்.

இவரை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவரைப் பெரிய மேதையாக்கிவிட்டேன். வாசலில் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடி, "இது ஸ்க்ரூ" என்று சொல்லிவிடுவார். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அப்படி ஒருவர் மந்தைவெளியில் இல்லை. உண்மையான தௌஃபீக் அதிகம் பேசுகிறவர். ராயப்பேட்டைக்காரர், நாற்பது வயது இருக்கும். மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷெட். ஒவ்வொரு முறையும் முழு நம்பிக்கையோடு ஒரு காரணத்தைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அது வேறு காரணம்.

கார் முதல் தடவை ஆஃப் ஆகத் தொடங்கியபோது, அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை வெளுத்திருந்தது. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இது சரிதான். பெட்ரோல் எங்கே தடைபடுகிறது என்று டாங்கிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இதுவும் சரி. வடிகட்டியில் அழுக்கு இருந்தது, மாற்றினார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சின்னத் தொட்டியைத் திறந்து, அடியில் படிந்த மண்டியை வழித்தெடுத்தார். ஊசித் துளை மாதிரி இருக்கும் ஜெட்டைக் கழற்றி ஊதினார். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, கடைசியாக எந்த மெக்கானிக்கும் செய்வதுபோல, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி இன்ஜின் சீராக ஓடும் இடத்தில் வைத்தார்.

கார் பிரமாதமாக ஓடியது. ஜெட்டில் அடைப்பு, எடுத்துவிட்டேன் என்றார்.

மறுநாள் மாமி ஸ்க்ரூவை மறுபடி திருப்பினார். கார் மறுபடி ஆஃப் ஆனது.

அடுத்த முறை தௌஃபீக் பெட்ரோலைக் குறை சொன்னார், இப்போது வருவதில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று. அதற்கடுத்த முறை பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை மாற்றினார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஸ்க்ரூவைச் சரிசெய்தார். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் செய்த வேலைதான் காரைச் சரிசெய்தது என்று நம்பினார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

ஸ்க்ரூ இருக்கும் இடத்தை மாமிக்குக் காட்டியதே தௌஃபீக்தான், இதற்கெல்லாம் முன்பு ஒரு சர்வீஸின்போது. மாமா போன் பேச உள்ளே போயிருந்தபோது, காபி கொண்டுவந்த மாமியிடம், பேச யாராவது வேண்டும் என்பதற்காக, இதைத் திருப்பினால் பெட்ரோல் குறையும், இப்படித் திருப்பினால் கூடும் என்று காட்டியிருக்கிறார். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

4

மாமியின் கணக்கு எளிமையானது. கார் கிளம்பும்போதே தடுமாறினால் மாமா இறங்கிவிடுவார். ஆட்டோ கூப்பிடலாம்.

முதலில் அப்படித்தான் நடந்தது. ஆனால் மாமா சும்மா இருக்கும் ஆள் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் இருந்தால் வண்டி ஆஃப் ஆவதில்லை என்று கண்டுபிடித்தார். நிற்கும்போதுதானே பெட்ரோல் போதவில்லை, நிற்காமல் ஓட்டினால் என்ன? சிக்னலில் ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் ஆக்சிலரேட்டரில். இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். கிளட்சுக்குக் கால் போனதும் ஆஃப் ஆகிவிடும். பின்னால் ஹாரன்.

இங்கே நான் மாமியைச் சந்தேகித்தேன். கண் தெரியாத மனிதர், உறுமுகிற கார், நடு ரோடு. காரை ஓட்டவிடாமல் செய்யப் போய், ஓடும்போது இன்னும் ஆபத்தாக்கி வைத்திருக்கிறார். நிதானமான ஒருவர் இதைச் செய்வாரா? என் கதாபாத்திரத்துக்கு இது பொருந்துமா என்று யோசித்து ஒரு பத்தி முழுக்க—

(வேண்டாம். பொருந்துகிறதோ இல்லையோ, செய்தார். செய்ததை அவரே புரிந்தும் கொண்டார். ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஒரு தண்ணி லாரி அவர்கள் காருக்குப் பின்னால் கிறீச்சிட்டு நின்ற அன்று, வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டார். நான் பால்கனியிலிருந்து பார்த்தது அதைத்தான். அவர் கெடுத்ததை நான் ஒருபோதும் பார்க்கவில்லை. சரிசெய்ததை மட்டும்தான் பார்த்தேன்.)

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு கல்யாணம். நல்ல வெயில். கார் ஒரு சிக்னலிலும் ஆஃப் ஆகவில்லை. மாமா உற்சாகமாக இருந்தார். மாமி இடது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, இனி வேறு ஏதாவது வழி தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அடையாறு பாலத்தின் மேல் ஏறும்போது கார் இரண்டு முறை இழுத்தது. திணறியது. பாலத்தின் நடுவில் அடங்கிவிட்டது.

பின்னால் வந்த பஸ் பிரேக் போட்ட சத்தத்தில் மாமி கண்ணை மூடிக்கொண்டார். இடிக்கவில்லை. பஸ் டிரைவர் இறங்கி வந்து மாமாவை நோக்கிக் கை நீட்டி ஏதோ கத்தினார். இரண்டு பேர் சேர்ந்து காரைத் தள்ளி ஓரமாக விட்டார்கள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி ஓரம் கட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. மாமி அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆனதும் கல்யாணத்துக்குப் போனார்கள்.

தான் ஸ்க்ரூவைச் சரியாகத் திருப்பவில்லையோ? அரைச் சுற்று குறைவோ? கல்யாண மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்த மாமி, ரசம் சாதத்தோடு இலையை மூடிவிட்டாராம்.

அன்று மாலை எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் மாமா ஒரு குரல் செய்தி அனுப்பினார். இப்போதெல்லாம் அவர் டைப் அடிப்பதில்லை. "மெக்கானிக் தௌஃபீக்கிட்ட யாரும் வண்டியை விடாதீங்கோ. ஒரு கோளாறை வேணும்னே வெச்சிண்டு, திரும்பத் திரும்ப வரவழைக்கறான். இன்னிக்கு நானும் என் ஆத்துக்காரியும் பாலத்துமேல செத்துப்போயிருப்போம்." இவர் சர்வேயர். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் எங்கள் குடியிருப்பில் மறுபேச்சு இல்லை. தௌஃபீக்கிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஷெட் தேடினார்கள். பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் அந்தக் குரல் போனது.

மாமியும் அந்தச் செய்தியைக் கேட்டார். மாமாவே அவரை எதிரில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்.

6

தௌஃபீக் வந்தது, மாமா நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடக்கப் போயிருந்த நேரத்தில். வேண்டுமென்றே அந்த நேரமாகப் பார்த்து வந்தாரா என்று பின்னால் கேட்டேன். ஆமாம் என்றார். கீழே நடந்ததை மாமி ஒரு விதமாகவும் தௌஃபீக் ஒரு விதமாகவும் என்னிடம் சொன்னார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

தௌஃபீக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒன்னு கேக்குறேன் மாமி, கோச்சிக்காதீங்க. போன தபா போவசொல்ல யாருனா திருப்புனா தெரியட்டும்னு ஸ்க்ரூ மேல செவப்பு நெயில் பாலிஷ் வெச்சிட்டுப் போனேன். என் பொண்ணுது. இப்ப அது ஒடஞ்சி கீது. சார் கையா, உங்க கையா?"

"என் கைதான்" என்றார் மாமி.

தௌஃபீக் காருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமி ஸ்கூட்டர் பெண்ணைப் பற்றிச் சொன்னார். கண்ணைப் பற்றிச் சொன்னார். சாவியை ஒளித்து வைத்திருக்கலாமே என்று தௌஃபீக் கேட்டார். ஒளித்து வைத்ததையும், மாமா மாற்றுச்சாவி செய்துகொண்டு வந்துவிட்டதையும் மாமி சொன்னார்.

"நடு ரோட்ல ஆஃப் ஆனா பின்னால வர்றவன் மேல ஏத்திடுவான். அது தெர்யாதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் திருப்பி வெச்சேன். கல்யாணத்துக்குப் போறதுக்கு முன்னாடியே வெச்சுட்டேன். பாலத்துல அடங்கினது என்னாலயா இல்லையான்னு எனக்கே தெரியலைப்பா. நீ பார்த்துச் சொல்லு."

தௌஃபீக் நம்பவில்லை. ஆனால் ஸ்டார்ட் செய்து பார்த்தார். நின்ற இடத்தில் இன்ஜின் அடங்காமல் சீராக ஓடியது. ஸ்க்ரூ அவர் வைத்த இடத்தில்தான் இருந்தது. அப்படியானால் பாலத்தில் நடந்தது வேறு. மேடேறும்போது, அதிகமாகப் பெட்ரோல் கேட்கும்போது மட்டும் வருகிற கோளாறு. நிற்கும்போது வருகிற கோளாறு அல்ல.

காருக்கடியில் படுத்து, டாங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி எடுத்தார். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. கத்தியால் நெடுகக் கிழித்தார். உள்ளே ரப்பர் ஊறி உப்பி, ஒரு பேனா ரீஃபில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. இந்தக் குழாயை அவர் அத்தனை தடவையும் கையால் தொட்டுத் தாண்டிப் போயிருக்கிறார்.

"ரெண்டு கோளாறு மாமி. உங்களுது ஒன்னு, இது ஒன்னு. உங்களுத சரி பண்ணி சரி பண்ணி இத நான் பாக்கவே இல்ல" என்றார். பிறகு கிழித்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பேரு போச்சி. சார்கிட்ட நான் சொல்ல முடியாது. சொன்னா, பொண்டாட்டி மேல பழி போட்டுக்கினு கீறான்னு அதுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவாரு. நீங்களே சொல்லிடுங்க."

மாமி ஒத்துக்கொண்டார். தௌஃபீக் புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனார்.

7

இப்போது கார் நன்றாக ஓடுகிறது. அதுதான் பிரச்சினை.

மாமி இன்னும் சொல்லவில்லை. காரில் போகும்போது கூடவே போகிறார். "எடதுல சைக்கிள்." "எடதுல நாய்." "ஒதுங்கிக்கோங்கோ, ஆட்டோ வரான்." மாமா எரிச்சல்படுகிறார், ஆனால் ஒதுங்குகிறார். மாமிக்கு முழங்கால் வலி வரும் நாட்களில் மாமா தனியாகப் போகிறார். அந்த நாட்களில் மாமி வாசலிலேயே நிற்கிறார். நான் மேலே, இந்தக் கதையை எழுத முடியாமல், பால்கனிக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: மாமாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். இருபது அடி தூரத்திலிருந்து நசுங்கலைப் படிக்கிறவருக்குத் திருகப்பட்ட ஸ்க்ரூ தெரியாதா? தெரிந்தே மெக்கானிக் மேல் போட்டிருக்கிறார், மனைவியைக் கேட்கப் பயந்து. இது நன்றாக இருக்கிறது. உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை அவர் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை.

இரண்டாம் முடிவு: லஸ் முனை, இடது பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பை— (இதை எழுதிக்கொண்டிருந்தபோது கீழே ஹாரன் கேட்டது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். தண்ணி கேன் வண்டி. திரும்பி வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன்.)

மூன்றாம் முடிவு: மாமாவே சாவியைக் கொண்டுவந்து மாமி கையில்— (யாருக்குத்தான் ஆசை இல்லை.)

போன வாரம் மாமியிடம் கேட்டேன், சொல்ல எது தடுக்கிறது என்று.

"கோவிச்சுண்டா தாங்கிப்பேன். மன்னிச்சும் விடுவார். ஆனா அதுக்கப்புறம் நான் எது கொடுத்தாலும், மருந்து கொடுத்தாக்கூட, இதுல என்ன பண்ணியிருக்காளோன்னு ஒரு நிமிஷம் பார்ப்பார். அந்த ஒரு நிமிஷம்தான்டி."

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது மாமிக்குத் தெரியும். முடித்துவிட்டேனா என்று பிறகு அவரே கேட்டார். முடிவு இல்லை என்றேன்.

"முடிவு வேண்டாம். அச்சுல வரட்டும். நான்தான் தினம் அவருக்குப் படிச்சுக் காட்டறேன். கண்ணாடி பவர் மாத்தற வரைக்கும் நீ படின்னு சொல்லிண்டிருக்கார். பேப்பர், பத்திரிகை, கதை எல்லாம் நான்தான். இதையும் படிக்கறேன். என் வார்த்தையா வராது. உன் வார்த்தையா வரும்."

பெயர்களை மாற்றட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அப்போது என் வரைவில் ஸ்க்ரூ விஷயம் கடைசியில்தான் இருந்தது. மாமி மனதைத் திடப்படுத்திக்கொள்ள நேரம் கிடைக்கட்டும் என்று அப்படி வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் தலையாட்டி மறுத்தார். "கடைசியில வெச்சா நான் நடுவுலயே மூடி வெச்சுடுவேன். மொதப் பக்கத்துலயே வெச்சுடு." வைத்துவிட்டேன்.

தௌஃபீக்கிடமும் கேட்டேன். ஷெட்டில் ஒரே ஒரு கார் நின்றது. தன் பெயரை மாற்றக் கூடாது என்றார். குழாயைப் பார்க்காமல் விட்டதையும் எழுதச் சொன்னார். "அது நான் பண்ணது. மத்தது நான் பண்ல. ரெண்டும் இருக்கட்டும்."

இதைப் படிக்கும் மற்றவர்களே, உங்களுக்கு ஒரு முடிவு தேவைப்படும். மேலே மூன்று இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வருவது உங்களுக்கு அல்ல.

மாமி, மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம்தான் பாக்கி.

மாமா, இத்தனை நேரம் நீங்கள் கேட்டது என் எழுத்து. ஆனால் குரல் ஜானு மாமியுடையது. ஒரு வரியைக்கூட விடாமல் படித்ததால்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மாமி பத்திரிகையைக் கீழே வைக்கப் போகிறார். உங்களுக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், உங்களுக்கு நன்றாகத் தெரியும் இடத்தில். ஏதாவது பேசுங்கள்.